கினிப்பன்றி கடித்தால்: காரணத்தைத் தேடும் முறையும் கையாளும் முறையும்

கினிப்பன்றிக்குப் பயம் வந்தால் ஓடும். ஓட வழியில்லை என்றால் அசையாமல் உறைந்து நிற்கும். இரண்டும் பலிக்காதபோதுதான் கடித்துவைக்கும். அதனால் ஒரு கினி திரும்பத் திரும்பக் கடிக்கிறது என்றால், அதன் சுபாவத்தைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. "இது கொஞ்சம் கோபக்காரக் குட்டி" என்று சொல்லி விலையைக் குறைத்துத் தரப்படும் குட்டிக்குச் சொறிப்பூச்சி இருக்கலாம், இல்லையென்றால் அது சினையாக இருக்கலாம்.

முதலில் எது கடி, எது கடியல்ல என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கினிப்பன்றியின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், மூக்குக்கு நேர் எதிரே இருப்பது மட்டும் சரியாகத் தெரியாது. அங்கே நீட்டப்படும் விரலை அது மீசையாலும் உதட்டாலும் முன்பல்லாலும்தான் தெரிந்துகொள்ளும். மெல்லக் கவ்வி, "இது தீனி இல்லை" என்று தெரிந்ததும் விட்டுவிடும். தோல் கிழியாது. கேரட் நறுக்கிய கையைக் கழுவாமல் உள்ளே நீட்டினால் கொஞ்சம் அழுத்தமாகவே கவ்வும், அதில் அதன் தவறு ஒன்றுமில்லை. வாசனை அதிகமில்லாத சோப்பால் கழுவிவிட்டுப் போனால் இந்த வகைக் கடி பெரும்பாலும் நின்றுவிடும். சானிடைசர் போட்ட கை இன்னொரு தொல்லை, அந்த நெடியே அதற்குப் பிடிக்காது.

கம்பி இடுக்கில் விரலை விட்டால் கடிபடுவதும் இதே கணக்குதான். கம்பி வழியாகத் தினமும் கொத்தமல்லி ஊட்டிப் பழக்கினால், கம்பி வழியாக வருவதெல்லாம் அதற்குத் தீனிதான்.

உண்மையான கடிக்கு முன்னால் சில அறிகுறிகள் வரும். தொடும் கையைத் தலையால் மேல்நோக்கித் தட்டிவிடும். அது "போதும், கையை எடு" என்பதற்கான முதல் குறிப்பு. அதை மதிக்காவிட்டால் உடம்பு விறைக்கும், தலை உயரும், பிடரி முடி சிலிர்க்கும். பிறகு பற்களை வேகமாகத் தட்டும் "டக்டக்டக்" என்ற வறண்ட ஓசை கேட்கும். சிலது வாயை அகலத் திறந்து முன்பற்கள் முழுக்கத் தெரியும்படி கொட்டாவி விடும். அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் கொஞ்சப் போகிறவர்கள் உண்டு. பல் தட்டும் ஓசை கேட்டதும் கையை அப்படியே நிறுத்தி, மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் பெரும்பாலும் கடி விழாது.

கடி எப்போது விழுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். உடம்பில் ஒரே இடத்தைத் தொடும்போது மட்டும் கடித்தால் அங்கே வலி. மடியில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனபிறகு நெளிந்து, சட்டையைப் பிடித்து இழுத்து, கடைசியில் கடித்தால் சிறுநீர் முட்டுகிறது, இறக்கிவிட்டால் போதும். வீட்டில் ஒருவரை மட்டும் கடித்தால் அவர் தூக்கும் விதத்தையோ கையின் வாசனையையோ பார்க்க வேண்டும். கூண்டுக்குள் கை வந்தால் கடித்து, வெளியே மடியில் சாதுவாக இருந்தால் கோளாறு கூண்டிலும் கை நுழையும் திசையிலும் இருக்கிறது. இந்த நாலில் எது என்று தெரியாமல் பழக்க ஆரம்பிப்பது வீண் வேலை.

உடம்பில் என்ன என்று பார்ப்பது

நேற்றுவரை சாதுவாக இருந்தது இன்று கடித்தால், வேறு எதையும் யோசிக்காமல் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றி வலியை மறைக்கும் பிராணி. பல நேரம் தூக்கும்போதுதான் அந்த வலி வெளியே தெரியும்.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை போடுங்கள். வளர்ந்த கினி பொதுவாக 700 முதல் 1200 கிராம் இருக்கும். 50 கிராம் குறைந்தால் தினமும் எடை போட்டுக் கவனிக்க வேண்டும், 100 கிராம் குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். முகவாய் ஈரமாக இருந்தாலோ, தீனிக்கு ஓடிவந்து வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டாலோ கடைவாய்ப் பல்லில் கோளாறு. அதன் பற்கள் இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. தேய்க்கப் புல் போதவில்லை என்றால் பின்பல் நாக்கின் மேல் வளைந்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது முனகினாலோ துணியில் இரத்தக்கறை தெரிந்தாலோ சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். அப்படிப்பட்டதன் அடிவயிற்றில் கை பட்டால் கடிக்காமல் என்ன செய்யும்?

வைட்டமின் சி குறைபாடு பலரும் கவனிக்காமல் விடுவது. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது. ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. குறைந்தால் மூட்டு வீங்கி, நடை தயங்கி, தூக்கினாலே கத்தும். பச்சைக் குடைமிளகாய் சுமார் 30 கிராம் கொடுத்தால் ஒரு நாளைக்குப் போதும். கொய்யாவில் சத்து இன்னும் அதிகம், இனிப்பும் இருப்பதால் பத்து கிராம் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். நெல்லிக்காயைச் சிலது தொடவே தொடாது. குடிக்கிற தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதில் பயன் குறைவு. வெளிச்சத்தில் சத்து சீக்கிரம் அழிந்துவிடும், சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும்.

சொறிப்பூச்சி வந்த கினி முதுகையும் தோளையும் விடாமல் சொறியும், முடி கொட்டும், தோல் தடித்துச் செதில் உதிரும். முற்றினால் முதுகைத் தொட்டாலே வலிப்பு வரும். அந்த நிலையில் அது கடிப்பதில் ஆச்சரியமில்லை. மருத்துவர்கள் வழக்கமாக ஐவர்மெக்டின் கொடுப்பார்கள். எடை பார்த்து அளந்து, சில நாள் இடைவெளி விட்டு மறுபடி போட வேண்டிய மருந்து அது. நாய்க்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தைக் கண்ணளவாக ஊற்றும் விபரீதம் வேண்டாம். கூட வளரும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுக்க வேண்டும்.

இரண்டு வயது தாண்டிய பெண் கினி திடீரென மற்றவற்றின் மேல் ஏறி, துரத்தி, கடித்தால் விலாவின் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சினைப்பைக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் எடுத்தால் தெரியும்.

கம்பித் தரைக் கூண்டு இன்னொரு மூலகாரணம். லவ் பேர்ட்ஸுக்கும் முயலுக்கும் விற்கும் அந்தக் கூண்டில் பாதம் புண்ணாகி வீங்கும். கெட்டித் தரை போட்டு, மேலே மடித்த பழைய பருத்தித் துண்டோ தூசி இல்லாத மரச்சுருளோ விரியுங்கள். மர அறுவை மில்லின் தூள் மூக்கில் ஏறித் தும்மலையும் மூச்சுக்கோளாறையும் கொண்டுவரும்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கினிப்பன்றி ஆண்டிஸ் மலைப் பிராணி, 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். சென்னையிலோ மதுரையிலோ அக்னி நட்சத்திரத்தின்போது அறைக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும். கால்களைப் பரப்பிப் படுத்திருப்பதை அந்த நேரம் தூக்கிக் கொஞ்சாதீர்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டில் வையுங்கள், படுக்க ஒரு டைல்ஸ் துண்டு போடுங்கள். வாயால் மூச்சுவிட்டால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது.

கை நுழையும் விதம்

மேலிருந்து இறங்கும் கை, கினிப்பன்றிக்குப் பருந்து. மேல்பக்கம் மட்டும் திறக்கும் கூண்டில் வளர்வது எவ்வளவு பழகினாலும் ஒரு திடுக்கிடலோடுதான் இருக்கும். பக்கவாட்டில் கதவு வைத்த கூண்டுக்கு மாற்றி, கையைத் தரையோடு தரையாகக் கொண்டுபோனாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒளியும் வீட்டை அது உள்ளே இருக்கும்போது தூக்காதீர்கள். கூண்டைச் சுத்தம் செய்யும்போது அதை வெளியே விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடிக்கும் கினியைப் பழக்கும்போது முதல் வாரம் கையால் தூக்குவதே கூடாது. வெளியே எடுக்க வேண்டுமானால் ஒரு அட்டைப்பெட்டியையோ பிளாஸ்டிக் கூடையையோ பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே ஒரு கொத்துப் புல் வைத்தால் அதுவாக ஏறும். காலையும் மாலையும் கூண்டருகே தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் தீனி கொடுங்கள். தீனி நீளமாக இருக்கட்டும், வேரோடு கூடிய முழுக் கொத்தமல்லித் தண்டு, விரல் நீள வெள்ளரிக் கீற்று என்று. அப்போதுதான் பல்லுக்கும் விரலுக்கும் நடுவே இடம் இருக்கும். அது தயங்காமல் வந்து இழுக்க ஆரம்பித்ததும் கீற்றைக் குட்டையாக்கிக்கொண்டே போய், கடைசியில் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் தொடுவது. விரலின் பின்பக்கத்தால் முகவாயின் கீழேயும் காதின் பின்னாலும் தடவலாம். பின்புறத்தை விட்டுவிடுங்கள், நன்றாகப் பழகிய கினிக்கும் அங்கே தொட்டால் பிடிக்காது. தலையால் தட்டிவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

தூக்கும்போது கூண்டெல்லாம் துரத்தக் கூடாது. ஒரு கையால் மூலையில் வழியை மறித்து, மற்றக் கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் கீழே கொடுத்து, மறித்த கையைப் பிட்டத்துக்குக் கீழே கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து எடுத்து உடனே உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால்கள் அந்தரத்தில் தொங்கினால் உதைக்கும், உதைத்தும் விடுபட முடியாவிட்டால் கடிக்கும். நின்றுகொண்டு வைத்திருக்க வேண்டாம், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே காலோ பல்லோ முறியும். முதலில் ஐந்து நிமிடம் போதும். நெளிய ஆரம்பிக்கும் முன்பே திருப்பி விட்டுவிடுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. விடும்போது பின்புறம் கூண்டுக்குள் போகும்படி வைத்தால் கையிலிருந்து எகிறிக் குதிக்காது.

கடித்துவிட்டால் கையை உதறாதீர்கள். தோல் இன்னும் கிழியும், கினியும் கீழே விழும். மூக்கில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, அதட்டுவது எல்லாம் அடுத்த கடிக்கு வழிசெய்கிற காரியங்கள். "கடித்தவுடன் இறக்கிவிட்டால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளும்" என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. வலியாலோ பயத்தாலோ கடித்ததைப் பிடித்துவைத்திருப்பதால் ஒரு பாடமும் ஏறாது. தரையோடு தாழ்த்தி, சில விநாடி அசைவு அடங்கட்டும், பிறகு விடுங்கள். பழகிய கினி கடித்துவிட்டுத் தப்பிக்கிறது என்று தெரிந்தால், அது கடிக்கும் நேரத்துக்கு முன்னதாகவே நீங்களாக இறக்கிவிடுவதுதான் மருந்து.

தடித்த கையுறை வேண்டாம். பிடியின் அழுத்தம் தெரியாமல் நசுக்கிவிடுவோம். மருந்து கொடுப்பது மாதிரி தவிர்க்க முடியாத வேலைக்குத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியப் பிடிப்பது மேல். சின்னக் குழந்தைகள் தூக்கவே கூடாது. தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, மடியில் துண்டு விரித்து, பெரியவர் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

ஒன்றையொன்று கடித்தால்

இரண்டு கினிகள் சேர்ந்தால் யார் பெரியவர் என்று தீர்மானிக்காமல் விடாது. பின்புறத்தை ஆட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமியபடி மெதுவாகச் சுற்றிவருவது, மேலே ஏறுவது, துரத்துவது, மூக்கோடு மூக்கு வைத்து யார் தலை உயரம் என்று பார்ப்பது எல்லாம் சகஜம். இதைப் பார்த்துப் பதறிப் பிரித்து, மறுநாள் மறுபடி சேர்த்து, மறுபடி பிரித்தால் தீர்மானம் முடியவே முடியாது. சண்டையை வளர்ப்பது அதுதான். பிரிக்க வேண்டியது எப்போது என்றால்: இரண்டும் எதிரெதிரே நின்று விடாமல் பல் தட்டி, பிடரி சிலிர்த்து, வாய் திறந்து பாயும்போது, ஒன்று தீனிக்கோ தண்ணீருக்கோ வர முடியாமல் மூலையில் அடைபடும்போது, இரத்தம் பார்த்தபோது.

ஆண் ஜோடிதான் அதிகம் பிரச்சினை தருவது. கூடப் பிறந்த இரண்டு ஆண்கள் மூன்று மாதம்வரை ஒட்டிக்கொண்டு தூங்கும். அதன்பின் ஏறக்குறைய ஒரு வயது தாண்டும்வரை விடலைப் பருவம். கடைகளில் கிடைக்கும் இரண்டடிக்கு ஒன்றரையடிக் கூண்டு மூன்று சதுர அடிதான், அதில் இந்த வயது ஆண்கள் சண்டை போடாமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டு ஆண்களுக்கு ஒரே தளத்தில் பத்துச் சதுர அடி, அதாவது ஐந்தடிக்கு இரண்டடி வேண்டும். மாடி கட்டி உயரத்தில் சேர்த்த இடம் கணக்கில் வராது. தண்ணீர் பாட்டில் இரண்டு, புல் வைக்கும் இடம் இரண்டு, தீனிக் கிண்ணம் இரண்டு, எல்லாம் எதிரெதிர் மூலைகளில். ஒளியும் வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும், ஒரு வாசல் வீட்டில் பலவீனமானது மாட்டிக்கொள்ளும். அதே அறையில் பெண் கினி வைக்காதீர்கள், வாசனையே போதும் சண்டை மூள. மூன்று ஆண்களைச் சேர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. ஆண்களுக்குக் கருத்தடை செய்தால் சண்டை அடங்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். அந்த அறுவைச் சிகிச்சையின் பயன் ஓர் ஆணைப் பெண்களோடு சேர்த்து வளர்க்க முடிவதுதான். அதற்கும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அதுவரை சினைப்படுத்தும் சக்தி மிச்சம் இருக்கும்.

புதிதாக வாங்கியதை வேறு அறையில் இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். சொறியும் படர்தாமரையும் அதற்குள் தெரிந்துவிடும். ஆணா பெண்ணா என்பதையும் அந்த அவகாசத்தில் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். சந்தையில் சொல்வதை நம்பி வாங்கி, இரண்டு மாதத்தில் குட்டிகளோடு நிற்பவர்கள் அநேகம். ஆண் குட்டியை 21 நாளில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

சேர்க்கும் நாளில் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். கழுவிக் காய்ந்த குளியலறைத் தரையோ கூடத்தில் அட்டை வைத்து மறித்த இடமோ ஆகும். வழுக்காமல் இருக்கத் துணி விரித்து, நடுவே புல்லைக் குவியலாகக் கொட்டுங்கள். பிள்ளையார் கோயில் வாசலில் வாங்கும் அருகம்புல்லும் ஆகும், நன்றாகக் கழுவ வேண்டும். காய்கறியைப் பரவலாகத் தூவுங்கள், ஒரே இடத்தில் வைத்தால் அதற்கே சண்டை வரும். ஒளியும் வீடு எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். உறுமலும் துரத்தலும் கொஞ்ச நேரம் நடந்து, பிறகு ஒரு குவியலில் அருகருகே மேய ஆரம்பிக்கும். அங்கேயே ஒன்று காலை நீட்டிப் படுத்துவிட்டால் பெரிய விஷயம் முடிந்தது. அதற்குள் பெரிய கூண்டை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, விரிப்பை மாற்றி, வீடுகளை இடம் மாற்றிவைத்து, பழைய வாசனை இல்லாமல் செய்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே உள்ளே போகட்டும்.

சண்டை மூண்டு இரண்டும் பந்தாகக் கட்டிப் புரண்டால் வெறுங்கையை நடுவே விடாதீர்கள். மனிதர்களுக்கு விழும் மோசமான கடி இந்த நேரத்தில்தான் விழுகிறது, அதற்கு உங்கள் கை எது, எதிரி எது என்று தெரியாது. தயாராக ஒரு குப்பை முறமோ தடித்த அட்டையோ வைத்திருந்து நடுவே செருகுங்கள். ஒன்றின் மேல் துண்டைப் போட்டு மூடி எடுங்கள்.

பிரித்தபின் முடியை விலக்கிப் பார்க்க வேண்டும், உதடு, காது, பின்புறம் என்று எல்லா இடமும். பல் இறங்கிய துளை சின்னதாக இருக்கும், நாலைந்து நாளில் உள்ளே சீழ் கட்டிக் கட்டியாகத் திரளும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து கழுவி, வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடின் தொட்டு வைக்கலாம். ஆழமான புண்ணுக்கு மருத்துவர்தான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் இருக்க வேண்டிய கிருமிகளைக் கொன்று, சில நாளில் உயிரையே எடுத்துவிடும். நாய், பூனை மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவராக இருந்தால் இதை நீங்களாக நினைவுபடுத்தத் தயங்க வேண்டாம். என்ரோஃப்ளாக்சசின் மாதிரி மாற்று மருந்துகள் அவரிடம் இருக்கும். அருகில் யாரும் அமையாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளின் மருத்துவமனைகளை அணுகலாம்.

இரத்தம் பார்த்த இரண்டு ஆண்களை மறுபடி சேர்க்கப் போராடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூண்டுகளை அருகருகே, நடுவே நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். ஒற்றைக் கம்பி வலை மட்டும் இருந்தால் அதன் வழியாகவே உதட்டைக் கடித்துக் கிழிக்கும். ஒன்றின் குரலும் வாசனையும் இன்னொன்றுக்குக் கிடைத்தால் தனிமை தெரியாது.

உங்களுக்கு விழுந்த கடியை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம், பொவிடோன் அயோடின் போதும். தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் கினிப்பன்றியின் கடிக்கு வெறிநோய்த் தடுப்பூசி அரிதாகத்தான் தேவைப்படும். அண்மையில் நாய், பூனை, கீரி ஏதாவது அந்தக் கினியைக் கடித்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விரல் மூட்டில் ஆழமாக இறங்கிய கடி, மறுநாள் வீக்கமும் துடிக்கும் வலியும், காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக்கோடு, இவற்றில் எது இருந்தாலும் தாமதம் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னக் கடியையும் காட்டிவிடுவது நல்லது. கடி ஆறி ஓரிரு வாரம் கழித்துக் கையில் வட்டமாக அரிப்புத் தடிப்பு வந்தால் அது படர்தாமரை. கினியின் மூக்கைச் சுற்றியும் காதோரமும் முடி கொட்டியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பேருக்கும் சேர்த்தே மருந்து வாங்குங்கள்.